முதல் கிண்ணம்: அயல்நாட்டில் சாக்கேயைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்யும் முறை

ஜப்பானுக்கு வெளியே ஒருவரிடம் சாக்கே என்னும் ஜப்பானிய அரிசி மதுவைக் குடித்ததுண்டா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு நினைவுகளில் ஒன்றுதான் பதிலாக வரும். சுஷி உணவகத்தில் சிறிய பீங்கான் குடுவையில் வந்து, நாக்கைச் சுட்டு, சாராய நெடியை மூக்கில் ஏற்றிய ஏதோ ஒன்று என்பது முதல் நினைவு. பீர்க் கோப்பையின் விளிம்பில் இரண்டு குச்சிகளை வைத்து, அவற்றின்மேல் சிறு கிண்ணத்தை நிறுத்தி, மேசையைத் தட்டி அதை உள்ளே விழவைத்த கூத்து என்பது இரண்டாவது. ஆகவே சாக்கேயை அறிமுகம் செய்பவர் வெற்றுப் பலகையில் எழுதத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதை மெல்ல அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டில் நண்பர்களை அழைத்து ஊற்றுபவர், உணவகத்தில் பரிமாறுபவர், சிறு குழுவுக்குச் சுவை அமர்வு நடத்துபவர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவரைச் சாக்கேயின் பக்கம் ஈர்ப்பவை வெப்பநிலையும் உணவும்தான். தரப்பெயர்களும் அரிசியை எத்தனை சதவீதம் தீட்டினார்கள் என்ற கணக்கும் இரண்டாவது சந்திப்புக்குரியவை. பல வழிகாட்டிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கொள்கின்றன. நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். ஆறு விருந்தினரை உட்கார வைத்து, தாளில் அரிசிமணியின் குறுக்குவெட்டை வரைந்து அரைமணி நேரம் விளக்கினேன். அதற்குள் குளிர்ந்திருந்த கின்ஜோ என்னும் நறுமண வகைச் சாக்கே அறைச்சூட்டுக்கு வந்து மணம் இழந்துவிட்டது. விடைபெறும்போது அவர்கள் நினைவில் எஞ்சியிருந்தது, அதிகம் தீட்டினால் விலை அதிகம் என்ற ஒரே செய்திதான்.

இரண்டு நிமிட அறிமுகம்

முதல் கிண்ணத்தை ஊற்றும் முன் பேச வேண்டியது மிகக் கொஞ்சம். பெயரிலிருந்து தொடங்கலாம். ஜப்பானிய மொழியில் சாக்கே என்பது எல்லா மதுவகைகளுக்கும் பொதுவான சொல். பீரும் விஸ்கியும்கூட அதில் அடங்கும். வெளிநாட்டார் சாக்கே என்று குறிப்பிடும் அரிசி மதுவை ஜப்பானியர் நிஹோன்ஷு, அதாவது ஜப்பானிய மது, என்பர். சட்ட ஏடுகளில் அதன் பெயர் செய்ஷு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று சாக்கே ஆலைகள் இயங்குகின்றன என்றாலும், ஜப்பானில் விளைந்த அரிசியைக் கொண்டு ஜப்பானிலேயே தயாரானதற்கு மட்டுமே நிஹோன்ஷு என்ற பெயர் உரியது என்று 2015இல் புவிசார் குறியீட்டின் வழியாக அந்நாடு வரையறுத்துக்கொண்டது.

அடுத்து, இது காய்ச்சி வடித்த மது என்ற தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். சிறிய கிண்ணத்தில் ஊற்றுவதாலும் நிறமற்றிருப்பதாலும் பலர் இதை வோட்காவின் உறவாகக் கருதி ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள். ஜப்பானில் காய்ச்சி வடிக்கும் மது ஷோச்சு. சாக்கே நொதிக்கவைத்துப் பிழிந்து எடுக்கப்படுவது. அரிசி வைன் என்ற பெயர் வசதியானதுதான், ஆனால் அதுவும் பாதி உண்மையே. திராட்சையில் சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது, ஈஸ்ட் நேராக அதில் வேலையைத் தொடங்கிவிடும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக உடைத்துத் தர, வேகவைத்த அரிசியின் மேல் கோஜி என்னும் பூஞ்சையை வளர்க்கிறார்கள். பீரிலும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கட்டம் உண்டு; ஆனால் அங்கே அது முடிந்த பிறகே நொதித்தல் தொடங்கும். சாக்கேயில் ஒரே தொட்டிக்குள் கோஜி சர்க்கரையைத் தந்துகொண்டிருக்க, ஈஸ்ட் அதை உடனுக்குடன் ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டே வருகிறது. சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்து ஈஸ்டைத் திணறடிக்காததால், காய்ச்சி வடிக்காமலேயே ஆல்கஹால் 20 சதவீதத்தை எட்டிவிடுகிறது. பின்னர் பெரும்பாலும் நீர் சேர்த்து 15 அல்லது 16 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வைனைவிடச் சற்று வலியது, விஸ்கியில் பாதிக்கும் குறைவு என்று சொன்னால், எப்படிக் குடிக்க வேண்டும் என்பதைக் கேட்பவரே புரிந்துகொள்வார்.

கோஜியைக் கொண்டு மது தயாரிக்கும் இந்த மரபுக் கலை 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது என்பதை விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

மூன்று புட்டிகளைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு மூன்று புட்டிகள் போதும். ஆறேழு புட்டிகளைத் திறந்தால் நான்காவதிலிருந்து எல்லாம் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கும். நாக்கும் களைக்கும், தலையும் கனக்கும். சிறந்த மூன்றைத் தேட வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் மூன்றைத் தேடுங்கள். எனக்கு எது நல்லது என்று கேட்டு வந்தவர், எனக்கு எது பிடிக்கிறது என்று தாமாகவே சொல்லும்படி வேறுபாடுகள் உரக்கப் பேச வேண்டும்.

முதல் புட்டி, நறுமணம் மிக்க கின்ஜோ அல்லது டாய்கின்ஜோ வகையாக இருக்கட்டும். குறைந்த வெப்பநிலையில் மெதுவாக நொதிக்கவைப்பதாலும், அதற்கென்றே தேர்ந்தெடுத்த ஈஸ்ட் வகைகளாலும் இவற்றில் ஆப்பிள், வாழைப்பழம், முலாம்பழம் போன்ற மணங்கள் எழுகின்றன. பழம் எதுவும் சேர்க்கவில்லையா என்று விருந்தினர் கேட்பார்கள். சேர்க்கவில்லை என்று சொல்லும் அந்தக் கணத்திலேயே பழைய சாராய நெடியின் நினைவு பாதி கழன்றுவிடும். இரண்டாவது, மணத்தை அடக்கி, அரிசியின் சுவையையும் புளிப்பையும் முன்னே நிறுத்தும் ஜுன்மாய். கிமோட்டோ அல்லது யமாஹாய் முறையில் தயாரானது கிடைத்தால் இன்னும் நல்லது. லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து சேர்க்காமல், பாக்டீரியாக்கள் தாமாகவே உருவாக்கும்வரை காத்திருக்கும் முறைகள் இவை. அதனால் சுவையில் தயிரையோ காளானையோ நினைவூட்டும் ஒரு கனம் படிகிறது. மூன்றாவது புட்டி, சாக்கே என்றால் தெளிந்த நீர்போலத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை உடைப்பதாக இருக்க வேண்டும். அரிசி வண்டலோடு பால்போல் வெளுத்திருக்கும் நிகோரி, நுரைத்தெழும் சாக்கே, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து தேன்நிறமான கோஷு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கோஷு கொட்டைகளையும் சோயா சாஸையும் நினைவூட்டும் தனி உலகம். முதல் அமர்விலேயே அதை எல்லாரும் விரும்புவதில்லை. கூட்டத்தில் ஷெர்ரி என்னும் ஸ்பானிய வைனை அருந்திப் பழகியவர் இருந்தால் மட்டும் நான் அதைத் திறப்பேன்.

கடையில் வாங்கும்போது புட்டியில் அச்சிட்ட மாதத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் புட்டியில் அடைத்த மாதமாக இருக்கும். சில புட்டிகளில் ஆண்டு ஜப்பானிய முறையில் குறிக்கப்பட்டிருக்கும்; ரெய்வா ஆண்டின் எண்ணுடன் 2018ஐக் கூட்டினால் நமக்குத் தெரிந்த ஆண்டு கிடைத்துவிடும். சாதாரண சாக்கேயை ஓராண்டுக்குள் அருந்திவிடுவது நல்லது. வெயில் விழும் சன்னலோரத் தட்டில் நிற்கும் புட்டியை, அதன் பெயர் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், வாங்காதீர்கள். ஒளி சாக்கேயைக் கெடுக்கும். பழுப்பு, பச்சை நிறப் புட்டிகளுக்கும் சுற்றியிருக்கும் காகிதத்துக்கும் காரணம் அதுதான். சாக்கே வழக்கமாக இருமுறை சூடேற்றிப் பதப்படுத்தப்படும். அவ்வாறு ஒருமுறைகூடச் செய்யாதது நமா எனப்படும். அது குளிர்பெட்டியில் இல்லாமல் வெளித்தட்டில் இருந்தால், அந்தக் கடையில் வேறு எதையும் வாங்கத் தயங்குவேன்.

புட்டிச் சீட்டில் உள்ளவற்றைப் படித்தல்

தரப்பெயர்களைத் தள்ளிப்போடச் சொன்னேன். ஆனால் ஊற்றுபவருக்கு அவை தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் கேள்வி வரும். சீட்டில் 60 சதவீதம் என்று இருந்தால், அரிசிமணியில் தீட்டியபின் எஞ்சியது 60 பங்கு என்று பொருள். தீட்டி நீக்கியது 60 பங்கு என்று தலைகீழாகப் புரிந்துகொள்வது மிகப் பரவலான பிழை. மணியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் அதிகம். உள்ளே செல்லச் செல்ல மாவுச்சத்து தூய்மையாகிறது. கின்ஜோ என்று குறிப்பிட எஞ்சிய பங்கு 60 சதவீதத்துக்கு மிகாமலும், டாய்கின்ஜோவுக்கு 50 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஜுன்மாய் என்ற சொல் அரிசி, கோஜி, நீர் தவிர வேறெதுவும் சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. ஜுன்மாய்க்கும் முன்பு, எஞ்சிய பங்கு 70 சதவீதத்துக்கு மிகக்கூடாது என்ற வரம்பு இருந்தது. 2004இல் அதை நீக்கிவிட்டார்கள்.

அதிகம் தீட்டியதே உயர்ந்தது என்ற முடிவுக்குப் புதியவர் தாவுவார். அதை அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். தீட்டத் தீட்டச் சுவை மெல்லியதாகவும் மணம் துலக்கமாகவும் ஆகிறது. மெல்லியது வேறு, உயர்ந்தது வேறு. சுட்ட கானாங்கெளுத்தி மீனோடு அருந்த 70 அல்லது 80 சதவீதம் எஞ்சவிட்ட ஜுன்மாய்தான் எனக்கு வேண்டும்.

ஜுன்மாய் அல்லாதவை கலப்படம் என்ற இன்னொரு எண்ணமும் வெளிநாடுகளில் வேரூன்றியிருக்கிறது. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் அரிசித் தட்டுப்பாட்டால் ஏராளமான ஆல்கஹாலையும் சர்க்கரையையும் சேர்த்து அளவைப் பெருக்கிய காலம் இருந்தது உண்மை. கெட்ட பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் ஹோன்ஜோசோ வகையில் சேர்க்கக்கூடிய ஆல்கஹால், பயன்படுத்திய தீட்டிய அரிசியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகக்கூடாது. அதுவும் பிழிவதற்குச் சற்று முன்னர் சேர்க்கப்படுகிறது. நறுமணப் பொருள்கள் ஆல்கஹாலில் எளிதில் கரைவதால், பிழியும்போது வண்டலோடு போய்விடக்கூடிய மணம் மதுவில் தங்கிவிடுகிறது. 1911 முதல் நடந்துவரும் தேசியப் புதுச்சாக்கே மதிப்பீட்டுக்கு அனுப்பப்படும் டாய்கின்ஜோக்களில் பலவும் இவ்வாறு சிறிதளவு ஆல்கஹால் சேர்த்தவைதான்.

சீட்டில் கூட்டல் கழித்தல் குறியோடு ஓர் எண்ணும் இருக்கலாம். அது நிஹோன்ஷுதோ, நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியின் அளவு. சர்க்கரை மிகுந்தால் மது கனத்து எண் கழித்தல் பக்கம் போகும். குறைந்தால் கூட்டல் பக்கம் போகும். இனிப்பற்ற சாக்கேயைக் கராகுச்சி என்பர். அதே சொல்லின் வேரான கராய் ஜப்பானிய மொழியில் மிளகாயின் உறைப்பையும் குறிக்கும். தமிழ்க் காதுக்குக் காரம் என்றே கேட்பதால் நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பாக வரும். கராகுச்சியில் உறைப்பு எதுவும் இல்லை. இந்த எண்ணை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். புளிப்பு அதிகமுள்ள சாக்கே, சர்க்கரை சற்று இருந்தாலும் இனிப்பற்றதாகவே நாக்கில் படும்.

வெப்பநிலை

இனி வருவதுதான் அமர்வின் இதயம். ஒரே மதுவை 5 பாகை செல்சியஸிலும் 50 பாகையிலும் அருந்தி, இரண்டையும் ரசிக்க முடிகிற இடம் சாக்கேயைப் போல் உலகில் அதிகம் இல்லை. ஜப்பானியர் இந்த இடைவெளியை ஐந்தைந்து பாகையாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 5 பாகை யுகிஹியே, பனிக்குளிர். 10 ஹனாபியே, மலர்க்குளிர். 15 சுசுஹியே, இதமான தண்மை. சூட்டின் பக்கம் 30 ஹினாதாகான், இளவெயில் சூடு, 35 ஹிதோஹதாகான், மனிதத் தோலின் சூடு, 40 நுருகான், 45 ஜோகான், 50 அட்சுகான், 55 தொபிகிரிகான். பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லத் தேவையில்லை. பனிக்குளிர், மலர்க்குளிர், தோலின் சூடு என்று மூன்றைச் சொல்லிப் பாருங்கள். அறையில் இருப்பவர்கள் கிண்ணத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவார்கள்.

சூடான சாக்கே மலிவானது, குளிர்ந்ததே நல்லது என்ற விதியை யாராவது கேட்டறிந்து வந்திருப்பார். வரலாறு வேறுவிதம். எடோ காலத்திலிருந்தே, அதாவது 17ஆம் நூற்றாண்டிலிருந்தே, சாக்கேயைச் சூடாக்கி அருந்துவது ஜப்பானில் இயல்பான வழக்கமாக இருந்தது. குளிர்பெட்டி பரவி, 1980களில் கின்ஜோ வகைகளுக்கு மோகம் எழுந்தபின்தான் குளிர்ந்த சாக்கே முன்வரிசைக்கு வந்தது. வெளிநாட்டு உணவகங்கள் மலிவான சாக்கேயை எந்திரத்தில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி ஊற்றியதால் சூடு என்பதே குற்றமாகிப்போனது. உண்மையில் நுணுக்கமான பழமணம் சூட்டில் பறந்துவிடும் என்பதால் கின்ஜோவைக் குளிரவைக்கிறோம். ஜுன்மாயில், அதிலும் கிமோட்டோவிலும் யமாஹாயிலும், லாக்டிக், சக்சினிக் அமிலங்கள் முதன்மையானவை. அவை குளிரில் கரடுமுரடாகவும் இளஞ்சூட்டில் வட்டமாகவும் சுவைக்கும். மணமும் அமிலமும்தான் வெப்பநிலையைத் தீர்மானிக்கின்றன; விலைக்கு அதில் பங்கில்லை.

சோதனையை இப்படி நடத்துங்கள். இரண்டாவது புட்டியான ஜுன்மாயை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு குளிர்பெட்டியிலிருந்து, ஒரு பங்கு அறைச்சூட்டில், ஒரு பங்கு 42 அல்லது 43 பாகையில். மூன்றும் ஒரே புட்டி என்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். எந்த சாக்கே பிடித்தது என்று கேட்டு, விடைகள் பிரிந்து, சிறு விவாதம் எழுந்தபின் புட்டியைக் காட்டுங்கள். ஒரு மணி நேர உரையால் முடியாததை இந்த ஒரு நிமிடம் செய்துவிடும்.

சூடாக்குவதற்குத் தனிக் கருவி தேவையில்லை. ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். தொக்குரி எனப்படும் பீங்கான் குடுவையில் முக்கால் அளவுக்குச் சற்று மேல் சாக்கேயை நிரப்பி, குடுவையின் கழுத்துவரை நீரில் மூழ்கும்படி இரண்டு அல்லது மூன்று நிமிடம் நிறுத்தினால் 40 பாகையை ஒட்டி வந்துவிடும். சமையல் வெப்பமானி இருந்தால் அதை நம்புங்கள். இல்லாவிட்டால் குடுவையின் அடிப்பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு தெரிந்தால் போதும், விரலை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் தாண்டிவிட்டது. சாக்கே சூடாக்குவதற்கென்றே ஓகான்பான் என்று ஒருவரை வைத்திருக்கும் கடைகள் ஜப்பானில் உண்டு. அவர்களும் அடியைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். அடுப்பின்மேல் நேரடியாகக் காய்ச்ச வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பில் மேற்பகுதி கொதித்து அடிப்பகுதி குளிர்ந்திருக்கும். வேறு வழியில்லாதபோது பாதி நேரத்தில் எடுத்துக் கலக்கிவிட்டு மறுபடி வைக்கலாம். அளவு மீறிச் சூடாகிவிட்டால் பதற வேண்டாம், ஆறவிட்டு அருந்துங்கள். மெல்ல ஆறும் சாக்கேயில் தனிச்சுவை உண்டு என்று அதை விரும்பியே கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

கிண்ணமும் ஊற்றும் முறையும்

கின்ஜோவுக்கு வெள்ளை வைன் கண்ணாடிக் கோப்பை மிகப் பொருத்தம். வெளிநாட்டில் அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சூடான சாக்கேக்குச் சிறிய பீங்கான் கிண்ணம், ஒச்சோக்கோ, வேண்டும், ஆறுவதற்குள் முடிந்துவிடும் அளவுக்கு. சதுர மரப்பெட்டியில் அருந்தினால்தான் உண்மையான அனுபவம் என்று சிலர் நினைப்பார்கள். மசு எனப்படும் அந்தப் பெட்டி அரிசி அளக்கப் பயன்பட்ட அளவை. மரத்தின் மணம் சாக்கேயின் மணத்தை அமுக்கிவிடும். கொண்டாட்டத்துக்கு அழகு, சுவை அறிய உதவாது.

தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளாமல் அடுத்தவருக்கு ஊற்றுவது ஜப்பானிய வழக்கம். ஊற்றும்போது குடுவையை இரு கைகளாலும் பிடிப்பதும், பெறுபவர் கிண்ணத்தைக் கையிலெடுத்து ஏந்துவதும் மரியாதை. இதைச் சட்டம்போல் சொல்லி விருந்தினரை விறைப்பாக்க வேண்டாம். நீங்கள் அவர்களுக்கு ஊற்றுங்கள், அவர்களே குடுவையை எடுத்துத் திரும்ப ஊற்றுவார்கள்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு வகைக்கு ஒருவருக்கு 60 மில்லிலிட்டர் வீதம் மூன்று வகை என்றால் 180 மில்லிலிட்டர் ஆகிறது. ஜப்பானிய அளவையில் அது சரியாக ஒரு கோ. 720 மில்லிலிட்டர் புட்டியில் நான்கு கோ அடங்கும். ஒரு கோ சாக்கேயில் ஏறத்தாழ 22 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஓர் அமர்வுக்கு அதுவே போதும்; சாக்கேயின் மென்மை அதன் வலிமையை மறைப்பதால், எவ்வளவு அருந்தினோம் என்பது புதியவருக்குத் தாமதமாகத்தான் தெரியவரும். ஒவ்வொருவர் அருகிலும் ஒரு குவளை நீர் இருக்கட்டும். இந்த நீருக்கு யவராகி மிசு, அதாவது தணிக்கும் நீர், என்று ஜப்பானில் பெயரே உண்டு; அருந்தும் சாக்கேயின் அளவுக்குக் குறையாமல் நீர் அருந்தச் சொல்வார்கள். ஜப்பானில் மது அருந்தும் வயது 20. நீங்கள் இருக்கும் நாட்டில் எதுவோ அதைப் பின்பற்றுங்கள்.

உணவோடு சேர்த்தல்

சாக்கே என்றால் சுஷி என்ற முடிச்சை அவிழ்க்காதவரை, விருந்தினர் அதை ஜப்பானிய உணவகத்துக்கு வெளியே நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார். சாக்கேயில் புளிப்பு வைனைவிட மிகக் குறைவு. உமாமி என்னும் செறிந்த சுவையைத் தரும் அமினோ அமிலங்களோ அதிகம். வைன் உணவின் கொழுப்பைப் புளிப்பால் வெட்டிச் செல்லும். சாக்கே உணவின் சுவையோடு சேர்ந்து அதை நீட்டிக்கும். ஆகவே உமாமி மிகுந்த எதுவும் இதற்கு உறவு: முற்றிய கட்டிப் பாலாடைக்கட்டி, வெண்ணெயில் வதக்கிய காளான், பொரித்த கோழி, வெயிலில் உலர்த்திய தக்காளி. யமாஹாயை இளஞ்சூட்டில் ஊற்றி, பக்கத்தில் பார்மேசானின் ஒரு துண்டை வையுங்கள். பாலாடைக்கட்டியிலும் சாக்கேயிலும் ஒரே லாக்டிக் அமிலம் இருப்பதால் இரண்டும் முன்பே அறிமுகமானவர்கள்போல் பேசிக்கொள்ளும். புதியவர்களிடம் நான் கண்டவரை இதைவிட வேகமாக வேலை செய்யும் இணை வேறில்லை.

கடலுணவோடு சாக்கே பொருந்துவதற்கு ஒரு வேதியியல் காரணமும் இருக்கிறது. வைனில் உள்ள இரும்பு, மீனின் கொழுப்போடு வினைபுரிந்து வாயில் கவிச்சை வாடையை எழுப்பக்கூடும். சாக்கே ஆலைகளோ இரும்பைப் பகையாகவே கருதுகின்றன. அது மதுவைப் பழுப்பாக்கி மணத்தையும் கெடுக்கும் என்பதால், தயாரிப்பு நீரில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நிறத்தைக் காக்க எடுத்த முயற்சி சிப்பிக்கும் மீனுக்கும் நன்மையாக முடிந்திருக்கிறது. பச்சைச் சிப்பியோடு ஒரு வாய் வெள்ளை வைன், ஒரு வாய் குளிர்ந்த சாக்கே என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்; விளக்கம் தேவைப்படாது.

உறைப்பான உணவுக்கு நிகோரி ஏற்றது. அதன் இனிப்பும் வண்டலும் எரிச்சலைத் தணிக்கும். மெல்லிய டாய்கின்ஜோவை மசாலா மணக்கும் தட்டின் அருகே வைத்தால் அது காணாமல் போய்விடும். அதைத் தனியாகவோ, உணவுக்கு முன்போ கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது சந்திப்பு

விருந்தினர் மறுபடியும் வந்தால், அப்போது அரிசியையும் நீரையும் பற்றிப் பேசுங்கள். நீரிலிருந்து தொடங்குவது சுவையானது. ஹியோகோ மாநிலத்தின் நாதா பகுதிக்கு உரிய மியாமிசு நீரின் சிறப்பை 1840இல் யமமுரா தாசாயெமொன் என்ற ஆலை உரிமையாளர் கண்டறிந்தார். அவருக்கு இரண்டு இடங்களில் ஆலைகள் இருந்தன. நிஷினோமியாவில் தயாரானது மட்டும் எப்போதும் மேலாக இருந்ததால், ஆட்களை மாற்றினார், அரிசியை மாற்றினார், கடைசியில் நீரை மாற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. தாதுக்கள் நிறைந்த அந்த நீரில் நொதித்தல் விரைந்து நடந்து, உறுதியான, இனிப்பற்ற சாக்கே பிறந்தது. கியோட்டோவின் ஃபுஷிமியில் நீர் அதைவிட மென்மையானது. அங்கே சாக்கேயும் மென்மையானது. நாதாவினுடையது ஆண் சாக்கே, ஃபுஷிமியினுடையது பெண் சாக்கே என்ற பழைய சொலவடை இதிலிருந்து வந்தது. மென்மையான நீரில் நல்ல சாக்கே அரிது என்ற நம்பிக்கையை, ஹிரோஷிமாவைச் சேர்ந்த மியுரா சென்சாபுரோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடைத்தார். கோஜியை நன்கு ஊடுருவ வளர்த்து, குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதிக்கவிடும் அவரது முறையே பிற்காலக் கின்ஜோவுக்கு வழி திறந்தது. நாதாவிலிருந்து ஒன்றும் ஹிரோஷிமாவிலிருந்து ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி இந்தக் கதையைச் சொன்னால், அது கிண்ணத்திலேயே தெரியும்.

அரிசி வகைகளில் யமாதா நிஷிக்கி, கொஹியாக்குமான்கொகு, ஓமாச்சி என்ற மூன்று பெயர்கள் போதும். முதலாவது 1936இல் ஹியோகோவில் பெயர்பெற்றது, இன்றும் டாய்கின்ஜோவின் விருப்ப அரிசி. இரண்டாவது நீகாத்தாவின் மெலிந்த, துலக்கமான சாக்கேக்குரியது. மூன்றாவது ஒக்கயாமாவின் பழைய வகை, அழுத்தமான சுவை தருவது.

மிஞ்சியதை வைத்திருத்தல்

வைன் பழக்கத்தில் புட்டியைப் படுக்கவைப்பார்கள். சாக்கே புட்டிக்குத் தக்கை இல்லை; நிமிர்த்தியே வைக்க வேண்டும். திறந்ததும் குளிர்பெட்டிக்குப் போகட்டும். கின்ஜோவின் மணம் ஒரு வாரத்துக்குள் மங்கத் தொடங்கும். நமாவுக்கு அதற்கும் குறைவான நாள்கள்தான் நல்லது. கட்டான ஜுன்மாய் இரண்டு மூன்று வாரம் தாங்கும். சில புட்டிகள் நான்காம் ஐந்தாம் நாளில் முதல் நாளைவிடக் கனிந்திருப்பதும் உண்டு. விருந்தினருக்குப் பிடித்துப்போன புட்டியின் முன்சீட்டையும் பின்சீட்டையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜப்பானிய எழுத்தை வாசிக்க முடியாதவருக்கும் கடைக்காரரிடம் காட்ட அது போதும்.

அப்படியும் அடியில் கொஞ்சம் மிஞ்சி, மணம் போய்விட்டதென்றால் கொட்ட வேண்டாம். மட்டிகளை மண்போகக் கழுவிச் சட்டியில் போட்டு, மிஞ்சிய சாக்கேயை ஊற்றி, மூடி, ஓடுகள் திறக்கும்வரை மூன்று நான்கு நிமிடம் வேகவிடுங்கள். ஜப்பானில் இதற்கு அசாரி சாகாமுஷி என்று பெயர். உப்பு சேர்க்குமுன் சாற்றைச் சுவைத்துப் பாருங்கள். மட்டியே போதுமான உப்பை விட்டிருக்கும்.